மிச்சம் நாற்பத்தொன்று

செப்டம்பர் 3

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். உனக்கு இருமல் விட்டதா? அந்தச் சுரங்கத் தூசியில் விடாது என்று தெரியும், இருந்தாலும் கேட்கிறேன். முகாமில் ஃபோன் எடுக்காது, பதினைந்து நாளைக்கு ஒருமுறை வரும் சாமான் லாரியில்தான் தபால் என்று நீ சொன்னபோது சிரித்தேன். இப்போது எழுதுகிற பேனா ஒன்றுக்காக வீட்டையே புரட்டிப் போட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவுக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். ஆஸ்பத்திரி ஐம்பத்தெட்டு கிலோமீட்டர். போகும்போது சரிவு, வரும்போது ஏற்றம். நீ என்னிடம் விட்டுப் போன கரண்டு கார்தான் கதி. கண்ணாடிக் கடை முதலாளி அந்த மூன்று நாளும் எனக்கு அரை நாள் விடுகிறார். மிச்ச நாளில் இரண்டு பேர் தேய்க்கிற லென்ஸை நான் ஒருத்தியே தேய்க்கிறேன்.

போன சனிக்கிழமை நூறு சதவீதத்தோடு கிளம்பினோம். வீட்டு வாசலுக்கு வரும்போது மிச்சம் நாலு. மீட்டரில் ஒரு ஆமைப் படம் வந்து உட்கார்ந்துகொண்டது, வண்டி ஊர ஆரம்பித்தது. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, "முயலைக் கேட்டா ஆமையை அனுப்பியிருக்கான் உன் தம்பி" என்கிறார். காரே சத்தம் போடாததால் அதற்கு 'ஊமை' என்று பேர் வைத்திருக்கிறார்.

ஆஸ்பத்திரியில் சார்ஜ் போடும் கம்பம் ஒன்று இருக்கிறது. வேலை செய்யாது என்று அதற்குச் சாக்கைச் சுற்றிக் கயிறு கட்டி வைத்திருக்கிறார்கள். வழியில் சார்ஜ் போட இருக்கிற ஒரே இடத்தில் ஒரு மணி நேரம் நிற்க வேண்டும். ஊசியைக் கழற்றின பிறகு அவருக்கு உடம்பு நடுங்குகிறது, பத்து நிமிஷம்கூட நிமிர்ந்து உட்கார முடியவில்லை.

முப்பத்தொரு வருஷம் டீசல் பஸ் ஓட்டினவர். டிப்போவுக்குக் கரண்டு பஸ் வந்து, வயசான டிரைவர்களை எல்லாம் வீட்டுக்கு அனுப்பினபோது, சார்ஜர் மாட்ட வந்த ஆட்களில் நீயும் ஒருத்தன். நாலு வருஷமாக நீங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை. அது உங்கள் பாடு, நான் தலையிடவில்லை. எனக்கு வேண்டியது ஒன்றுதான்: அவரை நடுரோட்டில் நிறுத்தாமல் கூட்டிப்போய்க் கூட்டிவர வேண்டும். அதற்கு என்னென்ன செய்யணும், எழுது. புரிகிற மாதிரி எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா


செப்டம்பர் 13

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இருமல் அப்படியேதான். நீ சரியாகத் தூங்குகிறாயா?

அவரை அனுப்பியது டிப்போ. நான் கம்பம்தான் நட்டேன். போகட்டும்.

முதல் எதிரி காற்று. வேகம் ஒன்றரை மடங்கானால் காற்று இரண்டு மடங்குக்கு மேலே தள்ளும். அதனால் அறுபதில் போ. பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும், வழி விடு. டயரில் காற்றை வாராவாரம் காலையில், வண்டி ஓடுவதற்கு முன்னால் பார். எவ்வளவு என்று டிரைவர் கதவுப் பக்கம் ஸ்டிக்கரில் போட்டிருக்கும். டிக்கியில் வேண்டாத பாரம் எதுவும் வைக்காதே.

பிரேக்கை மற. தூரத்திலேயே காலை எடுத்துவிட்டால் வண்டி தானே வேகம் குறைந்து, அந்த ஓட்டத்தைக் கரண்டாக்கி பேட்டரிக்குத் திருப்பித் தரும். பிரேக்கை அழுத்தினால் அதெல்லாம் சூடாகிப் புகையாகப் போகும்.

ஹீட்டர் பெரிய தீனிக்காரன். கிளம்புவதற்கு முன்னால், வயர் மாட்டியிருக்கும்போதே காரைச் சூடாக்கிக்கொள். வழியில் போர்வை போதும். நூறு சதவீதம் ஏற்றுவது போகிற நாளைக்கு முந்தின ராத்திரி மட்டும். மற்ற நாளில் எண்பதில் நிறுத்து. பேட்டரி கிழம், நிறையத் திணித்தால் தாங்காது.

ஒவ்வொரு தடவையும் வீட்டுக்கு வந்ததும் மிச்சம் எத்தனை என்று எழுது. வேறு எதுவும் எழுதாவிட்டாலும் அதை எழுது.

சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே.
தம்பி


அக்டோபர் 1

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே இரண்டு பேரும் நலம் என்று எழுதுகிற அளவுக்கு நலம். நீ?

கேள். முதல் வாரம் ஒன்பது. அடுத்தது பதின்மூன்று. நேற்று பதினேழு! மீட்டரைப் பார்த்து அப்பா சிரித்தார் தம்பி. எத்தனை நாளாயிற்று அந்தச் சிரிப்பைப் பார்த்து. பல் செட்டைக்கூட மாட்டாமல், வாய் நிறையச் சிரித்தார்.

உன் கடிதத்தை நான் உரக்கப் படித்தேன். ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார், காதே கேட்காதவர் மாதிரி. மறுநாள் காலையில் பார்க்கிறேன், டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு, பஸ் காலத்து ஜாக்கி, இரும்புப் பெட்டி, ஸ்பானர் கொத்து எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டிருக்கிறார். "நான் தூக்கறேன்ப்பா" என்றால் கேட்கவில்லை. "பாரம் வேண்டாம்னு எழுதியிருக்கான் இல்ல" என்றார்.

இப்போது டிரைவர் நான், ஆனால் ஓட்டுவது அவர். கண்டக்டர் ஸ்டாப்பிங் சொல்வது மாதிரி சதவீதத்தைப் படித்துக்கொண்டே வருகிறார். "எழுபத்தெட்டு... எழுபத்தேழு... காலை எடு, காலை எடு, வளைவு வருது." சிக்னலைப் பற்றி ஒன்று சொன்னார், உனக்கு எழுதச் சொல்லவில்லை, நானாக எழுதுகிறேன். "தூரத்துல பச்சை தெரிஞ்சா சந்தோஷப்படாதே, நீ போறதுக்குள்ள மாறிடும். சிவப்பு தெரிஞ்சா சந்தோஷப்படு. அப்பவே காலை எடுத்து உருட்டிக்கிட்டே போ, நிக்காம பச்சையில நுழையலாம். வண்டிய கால்ல ஓட்டாதே, கண்ணால ஓட்டு." பழைய டயருக்கு ஸ்டிக்கர் அளவைவிட ஒரு புள்ளி கூட வைத்தால் என்ன, அதையும் உன் தம்பியிடம் கேள் என்றார். கேட்டுவிட்டேன்.

கடையில் என் விரல் நுனி கொஞ்சம் வெட்டிக்கொண்டது. பயப்பட ஒன்றுமில்லை.
அக்கா


அக்டோபர் 11

அன்புள்ள அக்காவுக்கு,

விரலைக் காட்டினாயா? காட்டு.

பதினேழா! கிழட்டு பேட்டரி, அதுவும் ஏற்றப் பாதையில்! இங்கே எங்கள் பட்டறையில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். யாரும் நம்பவில்லை. "உங்கக்கா இறங்கித் தள்ளியிருப்பாங்க" என்றான் வெல்டர்.

ஒரு புள்ளி கூட வைக்கலாம். அதற்கு மேல் வேண்டாம், மழையில் வழுக்கும். அந்த சிக்னல் விஷயம் எங்கள் பயிற்சிப் புத்தகத்தில் ஒன்றரைப் பக்கம் படம் போட்டு விளக்கியிருக்கிறார்கள். நாலு வரியில் சொல்லிவிட்டார். சுரங்கத்தில் கல் அள்ளும் கரண்டு லோடர் ஓட்டுகிறவர்களுக்கு அதை நேற்று அப்படியே சொன்னேன். யார் சொன்னது என்று கேட்டார்கள். எனக்குத் தெரிந்த ஒரு பஸ் டிரைவர் என்றேன்.

நீண்ட ஏற்றத்தில் என்ன செய்வார் என்று கேள். அறுபதையே பிடித்துக்கொண்டு போவாரா, ஐம்பதுக்கு இறங்க விடுவாரா? எனக்கு ஒரு அபிப்பிராயம் இருக்கிறது, முதலில் அவர் சொல்லட்டும்.

சளி பிடிக்காமல் பார்த்துக்கொள், குளிர் வருகிறது.
தம்பி


நவம்பர் 5

அன்புள்ள தம்பிக்கு,

எனக்கு ஒன்றுமில்லை, விரல் ஆறிவிட்டது. உன் இருமலுக்கு வெந்நீர் குடி, காசா பணமா.

இறங்க விடணுமாம். "ஏத்தத்துல மல்லுக்கு நிக்காதே, அது ஜெயிச்சுட்டுப் போகட்டும், இறக்கத்துல வாங்கிக்கலாம்" என்றார். நீ நினைத்ததும் அதுதானா?

குளிர் வந்தே விட்டது. காலையில் கண்ணாடியில் பனி உறைந்திருக்கிறது, பழைய அட்டையால் சுரண்டுகிறேன். எண்கள் இறங்கிவிட்டன. பதினொன்று, ஒன்பது, நேற்று ஏழு. திரும்பி வரும்போது அவருக்கு நடுக்கம் தாங்கவில்லை, இரண்டு போர்வையும் போதவில்லை. நான் ஹீட்டரைப் போடுகிறேன், அவர் அணைக்கிறார். மறுபடியும் போடுகிறேன், மறுபடியும் அணைக்கிறார். "எண்ணு கெட்டுடும்" என்கிறார். பிடிவாதத்தில் உங்கள் இருவரையும் ஒரே தராசில் வைக்கலாம். காலில் கொஞ்சம் வீக்கம். செருப்பு போட மாட்டேன் என்கிறார். மற்றபடி பரவாயில்லை.

இன்னொன்று. நேற்று பாலத்தைத் தாண்டும்போது, ரோட்டைப் பார்த்துக்கொண்டே, "எப்ப வரானாம்?" என்றார். யார் என்று நான் கேட்கவில்லை. "எழுதிக் கேட்கறேன்ப்பா" என்றேன். உடனே "சும்மா கேட்டேன், எழுத வேணாம்" என்றார். அதனால் எழுதுகிறேன்.
அக்கா


நவம்பர் 22

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இந்த முறை லாரி மண்சரிவில் மாட்டி, உன் கடிதம் நேற்றுதான் வந்தது.

எண் இறங்கியதில் உன் தப்பு எதுவும் இல்லை. குளிரில் பேட்டரி கை விறைத்த ஆள் மாதிரி, உள்ளே இருப்பதைக் கொடுக்க முடியாது. டிசம்பர், ஜனவரியில் இன்னும் இறங்கும். அஞ்சு ஆறு வந்தாலும் மிரளாதே. காரைச் சுவரோரம் நிறுத்து, காற்று படாமல். ஆஸ்பத்திரியில் வெயில் விழும் பக்கமாக நிறுத்து. அவர் முதுகுக்கும் சீட்டுக்கும் நடுவில் வெந்நீர்ப் பை வை, ஹீட்டரை வேறு வழியே இல்லை என்றால் மட்டும் போடு.

ஏழு என்பது விளிம்பு. அதனால் இதை மட்டும் மனதில் எழுதிக்கொள். அவசரம், மழை, பின்னால் ஹாரன், எது நடந்தாலும் அறுபது. எது நடந்தாலும். எழுபதைத் தொட்டால் நடுவழியில் நிற்பீர்கள். குளிரில் அவரை வைத்துக்கொண்டு ரோட்டோரத்தில் நிற்கிற மாதிரி எனக்குக் கனவு வருகிறது.

ஏற்றத்தைப் பற்றி நான் நினைத்ததும் அதுதான்.

வேறு ஒன்றும் இல்லை.
தம்பி


டிசம்பர் 6

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தானே? இந்த லாரியில் உன் கடிதம் இல்லை.

போன வாரம் ஆபீஸ் கிளார்க் சாப்பாட்டு வரிசையில் வந்து, "உங்கக்கா ஃபோன் பண்ணாங்க" என்றார். அது அவசரத்துக்கு மட்டும் வைத்திருக்கிற ஃபோன். தட்டைக் கீழே வைத்துவிட்டேன். "என்ன விஷயம்னு கேட்டேன். ஒண்ணுமில்ல, தம்பி நல்லா இருக்கானான்னு கேட்கத்தான்னு சொல்லிட்டு வெச்சுட்டாங்க" என்றார். ஏன் அக்கா இப்படி? உயிரே போய் வந்தது. சும்மா நலம் கேட்பதற்கு அந்த நம்பரில் கூப்பிடாதே.

எண்களை எழுது. அவருக்கு வெந்நீர்ப் பை வாங்கினாயா?
தம்பி


டிசம்பர் 15

அன்புள்ள தம்பிக்கு,

நலம். ஃபோன் பண்ணினது தப்புதான். மனசு கேட்கவில்லை, வேறொன்றும் இல்லை.

செவ்வாய் பதினேழு. வியாழன் பதினேழு. சனி பதினெட்டு. அதற்கு முந்தின வாரமும் பதினேழுதான். நீ சொன்னபடி சுவரோரம்தான் நிறுத்துகிறேன். வெந்நீர்ப் பை வாங்கிவிட்டேன்.

கடையில் வேலை அதிகம். கண் எரிகிறது, அதனால் இதோடு நிறுத்துகிறேன். நீ நன்றாகச் சாப்பிடு. குளிரில் தலையில் துணி கட்டிக்கொள்.
அக்கா


டிசம்பர் 21

அன்புள்ள அக்காவுக்கு,

கண்ணுக்கு ஓய்வு கொடு. ஊருக்கெல்லாம் கண்ணாடி போடுகிறவள், உனக்குப் போட்டுக்கொள்ள மாட்டாயா?

பதினெட்டு! நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து என்னைத் தோற்கடித்துவிட்டீர்கள். இந்தக் குளிரில் இதை எப்படிச் செய்தீர்கள்? அவர் ஏதோ புதுசாகக் கண்டுபிடித்திருக்கிறார். என்ன என்று அவரிடமே கேட்டு எழுது. இல்லை, அவரையே எழுதச் சொல். இரண்டு வரி போதும். நான் கேட்டேன் என்றே சொல்.

ஜனவரி 2

லாரி நாளை காலையில்தான். அதனால் இதிலேயே தொடர்கிறேன்.

பன்னிரண்டு நாளாக உன் எண்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் அக்கா. முதலில் சந்தோஷத்தில் பார்க்கவில்லை. பதினேழு வந்தது செப்டம்பர் கடைசியில், இளம் வெயிலில். பனி உறைகிற நாளில் அந்தக் கிழட்டு பேட்டரி பத்தைத் தாண்டாது. தாண்டினாலும் ஒருநாள் எட்டு வரும், ஒருநாள் பன்னிரண்டு வரும். வரிசையாகப் பதினேழு பதினேழு என்று வராது. நாங்கள் இங்கே இருபத்திரண்டு வண்டிக்குத் தினமும் மிச்சம் எழுதுகிறோம். எழுதுகிறவன் வண்டியைப் பார்க்காமல் எழுதினான் என்றால் இப்படித்தான் இருக்கும்.

ஃபோன் வந்த தேதியை கிளார்க்கிடம் கேட்டேன். நவம்பர் இருபத்தெட்டு, செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணி. செவ்வாய் பதினொரு மணிக்கு நீ ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். வீட்டு ஃபோனிலிருந்து கூப்பிட்டிருக்கிறாய், நம்பர் அவர் நோட்டில் இருக்கிறது.

வேறு எதுவும் கேட்கவில்லை. வண்டி இதுவரை எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, மீட்டரில் ஸ்பீடுக்குக் கீழே சின்னதாக இருக்கும், அதைப் பார்த்து எழுது. உண்மையான எண்ணை எழுது.
தம்பி


ஜனவரி 14

தம்பி,

61,208. நவம்பர் இருபத்தேழுக்குப் பிறகு வண்டி கடைக்கும் வீட்டுக்கும்தான் போய் வருகிறது.

அப்பா போய்விட்டார்.

இதை எழுதுவதற்கு ஏழு வாரம் ஆகியிருக்கிறது எனக்கு. திட்டு. ஆனால் முழுக்கப் படித்துவிட்டுத் திட்டு.

உன் நவம்பர்க் கடிதம் சனிக்கிழமை வந்தது. அன்றைக்கு நான் படிக்கும் வரை அவர் காத்திருக்கவில்லை. கையை நீட்டி வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தானே பிரித்துப் படித்தார். இரண்டு தடவை. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எப்போது வருகிறான் என்று அதில் இருக்கிறதா என்று தேடினார் என்று நினைக்கிறேன். என்னிடம் கேட்கவில்லை.

திங்கட்கிழமை காலை முகம் கழுவும்போது அவருக்கு மூச்சு வாங்கியது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பேச முடியவில்லை. ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன், வர ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். அந்த நேரத்தில் நானே போய்ச் சேர்ந்துவிடுவேன் என்று கைத்தாங்கலாகக் கூட்டிப்போய்க் காரில் உட்கார வைத்தேன். திங்கட்கிழமை இல்லையா, எண்பதுதான் இருந்தது.

ஊரைத் தாண்டியதும் மிதித்தேன். எண்பது, எண்பத்தைந்தில் போனேன். சதவீதம் கண் முன்னால் இறங்கியது. அவர் கையை நீட்டி என் முழங்காலைத் தட்டினார். "அறுபது... அறுபது." நான் கேட்கவில்லை. மூச்சைச் சேர்த்துச் சேர்த்துச் சொன்னார்: "எது நடந்தாலும் அறுபதுன்னு அவன் எழுதியிருக்கான்ல? நடுவழியில நின்னா என்ன பண்ணுவே?" ஹீட்டரையும் அவரே அணைத்தார்.

நான் காலை எடுத்துவிட்டேன் தம்பி. மிச்ச தூரம் முழுக்க அறுபதில் போனேன். பின்னால் ஒரு லாரிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தான், அவனுக்கு வழி விட்டேன். அப்பா சதவீதத்தைப் படித்துக்கொண்டே வந்தார், வாய்க்குள்ளே. பாலத்துக்கு அப்புறம் படிக்கவில்லை. களைப்பு, கண்ணை மூடியிருக்கிறார் என்று நினைத்தேன்.

ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தி மீட்டரைப் பார்த்தேன். நாற்பத்தொன்று. முப்பத்தொன்பதுதான் செலவு. இந்தக் குளிரில் போகிற வழிக்கு அவ்வளவு குறைவாக ஒருநாளும் ஆனதில்லை. அந்த நிலைமையிலும் எனக்குச் சந்தோஷம் வந்தது, பாவி. "அப்பா, நாற்பத்தொண்ணு!" என்று சொல்லிக்கொண்டே அவர் பக்கம் திரும்பினேன்.

டாக்டர் நல்லவர். "கொஞ்சம் முன்னாடி கூட்டிட்டு வந்திருக்கலாம்மா" என்றார். குற்றமாகச் சொல்லவில்லை. எவ்வளவு முன்னாடி என்று நான் கேட்கவில்லை.

சித்தப்பா வந்து எல்லாம் பார்த்துக்கொண்டார். டிப்போவிலிருந்து பதினொரு டிரைவர்கள் வந்தார்கள். உனக்குச் சொல்லியாயிற்று, வர முடியாத இடம் என்று எல்லாரிடமும் சொன்னேன். மறுநாள் உனக்கு ஃபோன் போட்டேன். கிளார்க் என்ன விஷயம் என்று கேட்டார். சொன்னால் நீ முதலில் என்ன கேட்பாய் என்று எனக்குத் தெரியும். "எத்தனையில ஓட்டினே?" என்றுதான் கேட்பாய். உன்னை நான் வளர்த்திருக்கிறேன். அதற்கு நான் அறுபது என்று சொல்ல வேண்டும். அதைக் கேட்டுக்கொண்டு நீ அந்த மலைக்குள்ளே தனியாக இருக்க வேண்டும். ஒன்றுமில்லை என்று வைத்துவிட்டேன்.

பதினேழு ஏன் எழுதினேன் என்றால், அது அவர் சிரித்த எண். எனக்கு வேறு எண் வாயில் வரவில்லை. குளிர் கூடினால் குறைத்து எழுத வேண்டும் என்று தோன்றவே இல்லை. பொய் சொல்வதற்கும் படிப்பு வேண்டும் போலிருக்கிறது.

நீ ஏதாவது எழுது. கோபமாகவாவது எழுது.
அக்கா


ஜனவரி 18

அக்கா,

உன் கடிதம் நேற்று லாரியில் வந்தது. இதை நாளை கீழே போகிற இன்ஜினியரின் ஜீப்பில் கொடுத்தனுப்புகிறேன். எனக்குப் பதிலாக ஒரு ஆள் மேலே வர வேண்டும், அது வரை விட மாட்டார்கள். முப்பத்தொன்றாம் தேதி லாரியில் நான் வருகிறேன். ஃபோன் இருக்கிறது. கிளார்க் முன்னால் நின்றுகொண்டு உன்னிடம் அழ முடியாது.

உன்னைத் திட்ட எனக்கு எந்த யோக்கியதையும் இல்லை. உன் கடிதத்தைப் படித்ததும், சத்தியமாக, முதலில் என் வாயில் வந்தது "எத்தனையில ஓட்டினே" என்பதுதான். கொஞ்சம் கீழே நீயே அதை எழுதியிருந்தாய்.

கணக்கை இப்போது சொல்கிறேன், ஒரு தடவை படித்துவிட்டுக் கிழித்துப் போடு. எண்பது இருந்தது. தொண்ணூறில் விரட்டியிருந்தால் அறுபது சதவீதம் செலவாகியிருக்கும். இருபது மிச்சத்தோடு, பத்தொன்பது நிமிஷம் முன்னாலேயே போய்ச் சேர்ந்திருப்பீர்கள். திரும்பி வரத்தான் பத்தாது. அன்றைக்குத் திரும்பி வருவதற்கு யாருக்கு என்ன அவசரம்? நான் போட்டுக் கொடுத்தது எல்லாம் போக வரக் கணக்கு. போக மட்டும் என்று ஒருநாள் வரும் என்று எனக்குத் தோன்றவில்லை. பத்தொன்பது நிமிஷம் அவரைக் காப்பாற்றியிருக்குமா என்று தெரியாது. அந்த டாக்டருக்கும் தெரியாது. நீ காலை எடுத்தது தப்பு இல்லை. எழுதினவன் நான், நம்பினவர் அவர், நடுவில் நீ என்ன செய்வாய்?

இங்கே புதுசாக வருகிற ஒவ்வொரு டிரைவரிடமும் முதல் நாளே நான் சொல்வது ஒன்று இருக்கிறது. உள்ளே ஆளுக்கு அடிபட்டால் மீட்டரைப் பார்க்காதே, மிதி, வண்டி நின்றால் நின்ற இடத்துக்கு நான் வந்து இழுத்துக்கொள்கிறேன் என்று. இருபத்திரண்டு வண்டிக்காரர்களுக்கும் சொல்லியிருக்கிறேன். உனக்கு எழுதவில்லை. மறதி என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன், முடியவில்லை. அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்த பிறகு எனக்கு எண்ணைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படவில்லை. பதினேழு இருபதாகட்டும், பையன் கெட்டிக்காரன்தான் என்று ஒரு வார்த்தை வரட்டும் என்று காத்துக்கொண்டிருந்தேன். எப்போது வருகிறேன் என்று அவர் கேட்டதற்கும் அதனால்தான் பதில் எழுதவில்லை. அந்த வார்த்தை வந்த பிறகு வரலாம் என்று இருந்தேன்.

சித்தப்பாவிடம் நானே பேசிக்கொள்கிறேன், உன்னை யாரும் எதுவும் கேட்க விட மாட்டேன். நீ கடைக்குப் போ, வீட்டில் தனியாக உட்காராதே. பஸ் நிறுத்தத்துக்கு வர வேண்டாம், நானே நடந்து வருகிறேன்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். "எது நடந்தாலும் அறுபதுன்னு அவன் எழுதியிருக்கான்ல" என்று அப்பா சொன்னதாக எழுதியிருக்கிறாய். அவர் வாயிலிருந்து வந்தது 'அவன்' என்பதுதானா, இல்லை 'என் பையன்' என்று சொன்னாரா? அவசரத்தில் நீ சுருக்கி எழுதியிருக்கலாம். நன்றாக யோசித்து வை, வந்ததும் சொல். பொய்யாக இருந்தாலும் பரவாயில்லை. இதைச் சரிபார்க்க என்னிடம் எந்தக் கணக்கும் இல்லை.

தம்பி